யாரைக் கேட்பது, எப்படிக் கேட்பது? – புதிதாகத் தொழில் தொடங்கும் நம்மவர்க்கு

ஒரு காலத்தில் வெளிமாநிலத் தமிழர் வீடுகளில் "பையன் என்ன செய்கிறான்?" என்று கேட்டால் பேங்க், ரயில்வே, இன்ஷூரன்ஸ் என்று பதில் வரும். இப்போது அதே வீடுகளில் "சொந்தமா ஏதோ ஆரம்பிச்சிருக்கான்" என்று பதில் வருகிறது. மகன் மட்டுமல்ல, மருமகளும் ஆரம்பிக்கிறாள். வேலையிலிருந்து ஓய்வு பெற்ற மாமாவும் ஆரம்பிக்கிறார். இட்லி மாவு, பொடி வகை, புடவை, டியூஷன், மெஸ், கணினி வேலை எனத் தொழில்கள் பலவாயினும் முதல் ஆறு மாதத்தில் எல்லாருக்கும் வரும் சங்கடம் ஒன்றுதான். கேட்டு நடக்க நம்பகமான யோசனை வேண்டும்.

கேட்பதற்கு ஆள் இல்லை என்பது அந்தக் காலத்துக் குறை. கேட்ட பத்துப் பேரும் பத்து விதமாகச் சொல்கிறார்கள் என்பது இந்தக் காலத்துக் குறை. சரக்கு கெட்டுப்போனால் ஒரு மூட்டையோடு நஷ்டம் நிற்கும். யோசனை கெட்டுப்போனால் வைப்புநிதிப் பணமும் மனைவியின் நகையும் சேர்ந்து போகும். ஆகவே எந்த யோசனையை எடுப்பது, எதை விடுவது என்று பிரித்துப் பார்க்கும் வழியை இக்கட்டுரையில் எழுத முற்படுகிறேன்.

அடியேன் கல்லூரி வாசலை மிதித்தவன் அல்லன். வந்தவாசிப் பக்கத்து நயினார் குடும்பம். மும்பையில் நாற்பது வருஷமாக அரிசி, பருப்பு வியாபாரம். கடை அடைத்த பிறகு கல்வெட்டு நூல்களும் சமண தருக்க நூல்களும் படிப்பது வழக்கம். இந்த இரண்டிலிருந்தும் வியாபாரத்துக்கு உதவும் விஷயம் கிடைத்தது என்பதால்தான் அவற்றை இங்கே இழுக்கிறேன்.

நிகமம் என்ற பழைய ஏற்பாடு

மதுரைக்கு அருகே மாங்குளத்தில் ஒரு குன்று இருக்கிறது. அங்குள்ள குகைத்தளத்தில் தமிழ் பிராமி எழுத்தில் கல்வெட்டுகள் உள்ளன. அவற்றின் காலம் கி.மு. 2ஆம் நூற்றாண்டு என்பது கல்வெட்டறிஞர் ஐராவதம் மகாதேவன் கணிப்பு. சமணத் துறவியர்க்குக் கொடை செய்தவர்களின் வரிசையில் வெள்ளறை என்னும் ஊரின் 'நிகமத்தோர்' அங்கே குறிக்கப்படுகிறார்கள். நிகமம் என்றால் வணிகர் குழு. அழகர்மலைக் கல்வெட்டுகளில் உப்பு வணிகனும் கொழு வணிகனும் வருகிறார்கள். புகளூரில் கருவூர்ப் பொன் வாணிகன் வருகிறான். பிற்காலத்தில் ஐந்நூற்றுவர் என்ற பெருங்குழு கடல் கடந்தும் போயிற்று. சுமத்ராவின் பாரூஸ் அருகே கி.பி. 1088ஆம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டை விட்டுச் சென்றவர்கள் அவர்களே.

தெரியாத ஊரில் வியாபாரம் செய்யப் போகிறவனுக்கு இப்படிப்பட்ட குழு எதற்கு? பாதுகாப்புக்கும் பணத்துக்கும் மட்டுமா? அந்த ஊரின் எடை என்ன, சுங்கம் என்ன, யாருக்குக் கடன் கொடுக்கலாம் என்பதைச் சொல்ல ஓர் இடம் வேண்டும். சொன்னது தவறினால் சொன்னவனை நாளைக்கும் அதே குழுவில் பார்க்க முடிய வேண்டும். குழுவின் உண்மையான பலம் அதுதான் என்பது என் கருத்து. அதாவது யோசனையோடு பொறுப்பும் சேர்ந்து வந்தது.

இன்றைக்கு அந்த ஒரே வாசல் பத்து வாசல்களாகப் பிரிந்துவிட்டது. வரிக்கு ஓர் அலுவலகம், உணவுக்கு ஓர் அலுவலகம், கடனுக்கு வங்கி, பெயருக்குப் பதிவகம். நாம் மட்டும் எல்லாக் கேள்வியையும் பழக்கத்தால் ஒரே ஆளிடம், பெரும்பாலும் 'நம்ம ஊர்க்காரர்' ஒருவரிடம் கேட்கிறோம். அவர் நல்லவர்தான். ஆனால் எல்லாக் கேள்விக்கும் அவர் பொறுப்பேற்க முடியுமா?

விடையைச் சோதிக்க நான்கு கேள்விகள்

எங்கள் சமண தருக்கத்தில் அநேகாந்தம் என்று ஒரு கொள்கை உண்டு. ஒரு பொருளைப் பற்றிச் சொல்லும் எந்தக் கூற்றும் ஏதோ ஒரு நோக்கில்தான் உண்மை. அந்த நோக்கை நிர்ணயிக்க நான்கு அளவுகளைச் சொல்வார்கள்: திரவியம், க்ஷேத்திரம், காலம், பாவம். தமிழில் பொருள், இடம், காலம், நிலை எனலாம். ஒரு குடம் மண்குடமாக உண்டு, பொற்குடமாக இல்லை. இங்கே உண்டு, அங்கே இல்லை என்று விளக்குவார்கள். வியாபாரத்தில் காதில் விழும் ஒவ்வொரு யோசனையையும் இந்த நான்கில் வைத்துப் பார்த்தால் பாதிக் குழப்பம் தீரும்.

முதலாவது, பொருள். "நாற்பது லட்சம் வரைக்கும் ஜி.எஸ்.டி. வேண்டாம்" என்று எல்லாரும் சொல்கிறார்கள். மகாராஷ்டிரத்தில் சரக்கு மட்டும் விற்பவருக்கு அது சரி. சேவை செய்பவருக்கு எல்லை 20 லட்சம். முறுக்கைப் பொட்டலம் கட்டி விற்றால் அது சரக்கு. மேசை போட்டு இட்லி பரிமாறினால் அது சேவைக் கணக்கு. பொடிக்கடைக்காரர் சொன்னதைக் கேட்டு மெஸ்காரர் நடந்தால் 20 லட்சம் தாண்டியதும் சிக்கல்.

இரண்டாவது, இடம். வெளிமாநிலத்தில் வாழும் நமக்கு இதுவே மிக முக்கியம். கடைக்கு இடம் பிடிக்கும்போது ஊரிலிருந்து மாமா போன் பண்ணி, "பதினோரு மாசத்துக்கு அக்ரிமெண்ட் போடு, ரிஜிஸ்டர் பண்ண வேண்டாம்" என்பார். 1908ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டத்தில் ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகைக்கே பதிவு கட்டாயம் என்பதிலிருந்து பிறந்த பழக்கம் இது. ஆனால் 1999ஆம் ஆண்டு மகாராஷ்டிர வாடகைச் சட்டத்தின் 55ஆம் பிரிவுப்படி, எத்தனை மாதமானாலும் ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், பதிவும் செய்ய வேண்டும். பதிவு செய்விக்கும் பொறுப்பு இடம் கொடுப்பவருடையது. தமிழ்நாட்டிலேயே 2017ஆம் ஆண்டு வாடகைச் சட்டம் 2019இல் நடைமுறைக்கு வந்த பிறகு, ஒப்பந்தத்தை வாடகை அதிகாரியிடம் பதிய வேண்டும். ஆக, மாமாவின் யோசனை இங்கேயும் செல்லாது, இப்போது ஊரிலும் செல்லாது.

தொழில் வரியும் அப்படியே. மகாராஷ்டிரத்தில் தொழில் நடத்துபவர் பொதுவாக ஆண்டுக்கு 2,500 ரூபாய் கட்ட வேண்டும். தமிழ்நாட்டில் உள்ளாட்சி மன்றம் அரையாண்டுக்கு ஒரு முறை வாங்குகிறது. தில்லியில் இந்த வரியே இல்லை. பெயர்ப்பலகையை எடுத்துக்கொள்ளுங்கள். மகாராஷ்டிரத்தில் 2022ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு சிறு கடையானாலும் பலகையில் தேவநாகரி எழுத்தில் மராத்தி வேண்டும், அது மற்ற மொழி எழுத்தைவிடச் சிறியதாக இருக்கக் கூடாது. கர்நாடகத்தில் 2024ஆம் ஆண்டுச் சட்டப்படி பலகையில் 60 விழுக்காடு கன்னடம் வேண்டும். பெங்களூர் மைத்துனர் போட்ட பலகையைப் பார்த்து மும்பையில் பலகை எழுதினால் காசு தண்டம்.

மூன்றாவது, காலம். சரக்குக்கு மட்டுமா, விடைக்கும் காலாவதி உண்டு. நம் பரோட்டாவே நல்ல உதாரணம். பொட்டலத்தில் விற்கும் சப்பாத்திக்கு 5 விழுக்காடு, பரோட்டாவுக்கு 18 விழுக்காடு என்று 2020இல் கர்நாடக முன்தீர்ப்பு ஆணையம் சொன்னபோது நாடே சிரித்தது. 2025 செப்டம்பர் 22 முதல் இரண்டுக்கும் வரி இல்லை. அதே நாள் முதல் பொட்டலம் கட்டிய மிக்சர் போன்ற கார வகைகளுக்கு வரி 12 விழுக்காட்டிலிருந்து 5 ஆகக் குறைந்தது. அதற்கு முந்தைய வருஷம் எழுதிய குறிப்பை யாராவது இன்று படித்துச் சொன்னால், அவர் பொய் சொல்லவில்லை. பழையதைச் சொல்கிறார், அவ்வளவுதான். குறுந்தொழில் என்பதன் இலக்கணமும் மாறியது. 2020 ஜூலை முதல் முதலீடு 1 கோடி, விற்றுமுதல் 5 கோடி வரை குறுந்தொழில். 2025 ஏப்ரல் முதல் முதலீடு இரண்டரைக் கோடி, விற்றுமுதல் 10 கோடி வரை.

நான்காவது, நிலை. அதாவது நீங்கள் யாராக நிற்கிறீர்கள் என்பது. "உத்யம் பதிவு எடுத்துட்டா 45 நாள்ல பணம் வந்தாகணும்" என்று சொல்லக் கேட்டிருப்பீர்கள். 2006ஆம் ஆண்டுச் சட்டம் அந்தப் பாதுகாப்பைத் தருவது உண்மை. எழுத்து ஒப்பந்தம் இல்லாவிட்டால் 15 நாள், இருந்தால் அதிகபட்சம் 45 நாள். அதற்கு மேல் தாமதித்தால் ரிசர்வ் வங்கியின் பேங்க் ரேட்டைப்போல் மூன்று மடங்கு வட்டி, அதுவும் மாதாமாதம் கூட்டு வட்டியாக. ஆனால் இது தயாரிப்பாளருக்கும் சேவை செய்பவருக்கும் உரியது. என்னைப்போல் வாங்கி விற்கும் வியாபாரிக்கு 2021 ஜூலையில் உத்யம் பதிவைத் திறந்துவிட்ட அரசு, முன்னுரிமைக் கடன் என்ற ஒரு பயனை மட்டுமே அதோடு தந்தது. பொடி அரைத்து சூப்பர் மார்க்கெட்டுக்குப் போடும் அக்காவுக்கு 45 நாள் கணக்கு உண்டு. அவருக்குப் பருப்பு கடன் கொடுத்த எனக்கு இல்லை. பதிவு ஒன்றுதான், நிலை வேறு.

இன்னொன்று. காம்போசிஷன் திட்டத்தில் சேர்ந்தால் வியாபாரியும் தயாரிப்பாளரும் ஆண்டு விற்றுமுதல் ஒன்றரைக் கோடி வரை 1 விழுக்காடு வரியோடு முடித்துக்கொள்ளலாம். ஆனால் வெளிமாநிலத்துக்கு விற்கக் கூடாது. காம்போசிஷனில் இல்லாத, பதிவே எடுக்காத சிறு வியாபாரியும், வரி உள்ள சரக்கைப் பொதுவாக மாநிலம் தாண்டி விற்றால் 40 லட்ச எல்லை அவருக்கு உதவாது, பதிவு எடுத்தாக வேண்டும். மும்பையிலிருந்து புனேவுக்கு அனுப்பும் பொட்டலமும் பெங்களூருக்கு அனுப்பும் பொட்டலமும் சட்டத்தின் கண்ணில் வேறு வேறு.

சொல்பவருக்கு அதில் என்ன?

நான்கு அளவும் சரியானாலும் ஐந்தாவதாக வியாபாரி கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. இந்த யோசனை தவறினால் நஷ்டம் யாருக்கு?

எனக்குத் தெரிந்த ஓர் அம்மையார் பொடி வியாபாரம் தொடங்கினார். அச்சகத்துக்காரர், "எல்லாரும் இப்படித்தான் போடறாங்க அக்கா, மொத்தமா அடிச்சா மலிவு" என்று சொல்ல, பத்தாயிரம் உறை அடித்தார். உணவு உரிமத்தின் 14 இலக்க எண் அதில் இல்லை. புகார் வந்தால் தொடர்புகொள்ளும் விவரம் இல்லை. விலைக்குப் பக்கத்தில் 'அனைத்து வரிகளும் உட்பட' என்பதும் இல்லை. பெரிய கடைக்காரர் சரக்கைத் திருப்பிவிட்டார். உறைகள் பரணுக்குப் போயின. அச்சகத்துக்காரர் கெட்டவர் அல்லர். அவர் தொழில் அச்சடிப்பது. பொட்டல விதி அவர் பொறுப்பில் இல்லை. மெஷின் விற்பவர் பெரிய மெஷினைத்தான் சொல்வார். கடன் வாங்கித் தருபவர் பெரிய கடனைத்தான் சொல்வார். அவர்கள் நிற்கும் இடத்திலிருந்து பார்த்தால் அதுவே சரி.

இடைத்தரகர்கள் விஷயத்தில் மட்டும் கொஞ்சம் கடுமையாகவே இருக்க வேண்டும். உத்யம் பதிவுக்கு அரசுக் கட்டணம் ஒரு பைசா கிடையாது. ஆதாரும் பான் எண்ணும் இருந்தால் நாமே செய்துகொள்ளலாம். இருந்தும் அரசுத் தளம் போலவே தோற்றமளிக்கும் பக்கங்களை வைத்து ஆயிரக்கணக்கில் வாங்குபவர்கள் உண்டு. அரசுத் தளத்தின் முகவரி ஜி.ஓ.வி. டாட் ஐ.என். என்று முடிகிறதா என்று பாருங்கள். முத்ரா கடனுக்கும் அப்படியே. 2015இல் தொடங்கிய அத்திட்டத்தில் முத்ரா நிறுவனம் நேரடியாகக் கடன் தருவதில்லை, தரகரையும் வைத்துக்கொள்வதில்லை. வங்கிக் கிளைக்கு நாமே நடந்து போய்க் கேட்பதுதான் வழி. சிசு 50,000 ரூபாய் வரை, கிசோர் 5 லட்சம் வரை, தருண் 10 லட்சம் வரை. தருண் கடனை ஒழுங்காகக் கட்டி முடித்தவருக்கு 2024 அக்டோபர் முதல் 20 லட்சம் வரை.

எந்தக் கேள்விக்கு எந்த வாசல்

வரிக் கேள்விக்குப் பட்டயக் கணக்காளர். அவர் கட்டணம் வாங்குவது நமக்கு நல்லது. கட்டணம் வாங்கியவர் பதில் சொல்லக் கடமைப்பட்டவர். அவர் கையெழுத்திடும் சான்றிதழில் 18 இலக்க அடையாள எண் இருக்கும். 2019 முதல் அது கட்டாயம், கணக்காளர் கழகத் தளத்தில் யாரும் சரிபார்க்கலாம். அவரிடம் இரண்டு விஷயத்தில் கண்டிப்பாக இருங்கள். ஜி.எஸ்.டி. பதிவில் உங்கள் கைபேசி எண்ணும் உங்கள் மின்னஞ்சலும்தான் இருக்க வேண்டும். "ஓ.டி.பி. தொல்லை உங்களுக்கு எதுக்கு சார், என் நம்பரே போட்டுக்கறேன்" என்று அலுவலகப் பையன் சொன்னால் சம்மதிக்காதீர்கள். நாளைக்குக் கணக்காளரை மாற்றினால் உங்கள் கடைச் சாவி அவர் பையில் இருக்கும். இரண்டாவது, பெரிய கேள்விகளை மின்னஞ்சலில் கேட்டு, எந்த விதிப்படி இந்தப் பதில் என்று எழுத்திலேயே வாங்குங்கள். வாயால் சொல்லும்போது 'பார்த்துக்கலாம்' என்பவர் எழுதும்போது நிதானிப்பார்.

ஒரு சரக்குக்கு எந்த வரி என்பதில் உண்மையான சந்தேகம் இருந்து, தொகையும் பெரிதானால் முன்தீர்ப்பு ஆணையம் இருக்கிறது. மத்திய, மாநிலச் சட்டங்களுக்குத் தலா 5,000 ரூபாய் கட்டணம். அத்தீர்ப்பு கேட்டவரையும் அவருடைய வரி அதிகாரியையும் மட்டுமே கட்டுப்படுத்தும் என்பதை நினைவில் வையுங்கள். பக்கத்துக் கடைக்காரர் வாங்கிய தீர்ப்பு நமக்குக் கேடயம் ஆகாது. வரித்துறையிலிருந்து வந்ததாக ஒரு நோட்டீஸ் வந்தால் பதறாமல் அதில் உள்ள எண்ணை முதலில் அரசுத் தளத்தில் சரிபாருங்கள். போலி நோட்டீஸ்களும் உலவுகின்றன.

தொழிலே புதிது, எந்த மெஷின், என்ன பயிற்சி, எந்த அரசுத் திட்டம் என்ற கேள்விகளுக்கு மாவட்டத் தொழில் மையம். 1978 முதல் நாடெங்கும் ஏற்பட்டவை இவை. மத்திய அரசின் குறு, சிறு தொழில் வளர்ச்சி அலுவலகம் மும்பையில் சாக்கிநாக்காவில் இருக்கிறது. பழைய ஆட்கள் அதை எஸ்.ஐ.எஸ்.ஐ. என்ற பெயரில் அறிவார்கள். வரிசையில் நிற்க வேண்டியிருக்கலாம். ஆனால் அங்கே கிடைக்கும் பதிலில் யாருக்கும் கமிஷன் இல்லை.

கடைப் பெயருக்கு வணிகச் சின்னப் பதிவகம், மும்பையில் அண்டாப்ஹில்லில். பலகை எழுதுமுன் அதே பெயர் வேறு யாருக்காவது பதிவாகி இருக்கிறதா என்று அதன் தளத்தில் இலவசமாகத் தேடலாம். தனிநபரும் சிறு நிறுவனமும் இணையவழி விண்ணப்பித்தால் ஒரு வகுப்புக்கு 4,500 ரூபாய், பதிவு 10 ஆண்டுக்குச் செல்லும். ஊர்ப் பெயரோடு 'பவன்' சேர்த்தால் போதும் என்று நினைக்கும் நம்மவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

வங்கி பதில் சொல்லாமல் இழுத்தடித்தால் முதலில் வங்கிக்கே எழுத்தில் புகார் கொடுங்கள். 30 நாளில் தீர்வில்லை என்றால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளருக்கு எழுதலாம். கட்டணம் இல்லை, வக்கீலும் வேண்டாம்.

இப்போது கைபேசியில் கேட்டால் நொடியில் அழகான வாக்கியத்தில் பதில் வருகிறது. கேட்பதில் தவறில்லை. ஆனால் இடமும் காலமும் சொல்லாமல் கேட்டால் எந்த மாநிலத்து, எந்த வருஷத்துப் பதில் வருகிறது என்று தெரியாது. அதைத் தொடக்கமாக வைத்துக்கொண்டு, முடிவை மேற்சொன்ன வாசல்களில் உறுதி செய்துகொள்வதே அறிவு.

நம்மவர் யோசனை எதற்கு?

அப்படியானால் 'நம்ம ஆள்' யோசனையே வேண்டாமா? வேண்டும். எந்த அலுவலகமும் சொல்லாத விஷயங்கள் உண்டு. எந்தத் தெருவில் மாலையில் கூட்டம் வரும், எந்த வியாபாரி சொன்ன தேதியில் பணம் தருவார், மழைக்காலத்தில் அப்பளம் எத்தனை நாள் தாங்கும், வேலைக்கு வரும் பையனுக்கு முன்பணம் எவ்வளவு கொடுக்கலாம் – இவற்றுக்குச் சட்டப் புத்தகத்தில் பதில் இல்லை. அதே தொழிலில் பத்து வருஷம் நின்ற அண்ணாச்சியிடம்தான் இருக்கிறது. அனுபவத்தை அனுபவசாலியிடமும், விதியை விதிக்குப் பொறுப்பானவரிடமும் கேட்க வேண்டும். இரண்டையும் மாற்றிக் கேட்பதில்தான் பணம் போகிறது.

அண்ணாச்சியிடம் கேட்பதற்கும் ஒரு முறை உண்டு. "நான் கடை வைக்கலாமா?" என்று கேட்டால் ஆசீர்வாதம்தான் கிடைக்கும். "நீங்க ஆரம்பிச்சப்போ முதல் வருஷம் எதுல பணம் அதிகமா போச்சு?" என்று கேட்டால் பாடம் கிடைக்கும். கருத்தைக் கேட்காமல் நடந்ததைக் கேளுங்கள். ஒருவரோடு நிறுத்தாமல் மூன்று பேரைக் கேளுங்கள். அதில் ஒருவராவது அத்தொழிலை விட்டு விலகியவராக இருக்கட்டும். ஜெயித்தவர் வழியைச் சொல்வார், விலகியவர் பள்ளத்தைச் சொல்வார்.

சங்கங்கள் செய்யக்கூடியது

முடிவாக நம் தமிழ்ச் சங்கங்களுக்கு ஒரு விண்ணப்பம். விழாவும் மலரும் வேண்டியவையே. அவற்றோடு சங்க அலுவலகத்தில் ஒரு நோட்டுப் புத்தகம் வைக்கலாம். புதிதாகத் தொழில் தொடங்கிய உறுப்பினர் கேட்ட கேள்வி, கிடைத்த விடை, யார் சொன்னது, எந்த அலுவலகம், எந்தத் தேதி, எந்த மாநிலத்துக்கு – இந்த ஆறையும் ஒரு வரியில் எழுதி வைத்தால் போதும். ஆண்டுக்கு ஒரு முறை, ஏப்ரலில், உறுப்பினராக உள்ள ஒரு கணக்காளரை உட்கார வைத்துப் பழசாகிப்போன விடைகளை அடித்துவிட வேண்டும். மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, தொழிலில் உள்ள நான்கு பேர் ஒரு மணி நேரம் வந்து உட்கார்ந்தால் புதியவர்கள் கேட்டுக்கொள்வார்கள். செலவு ஒரு நோட்டும் நாலு டம்ளர் காப்பியும்தான்.

வெள்ளறை நிகமத்தோர் கூடிக் கொடை கொடுத்ததைக் கல் சொல்கிறது. கூடி என்னென்ன பேசிக்கொண்டார்கள் என்பதைக் கல் சொல்லவில்லை. நம் பிள்ளைகள் நம்மிடம் கேட்ட கேள்விகளுக்கு நாம் பொறுப்போடு என்ன சொன்னோம் என்பதையாவது ஒரு நோட்டில் எழுதி வைப்போமே.